கடுமையான கணைய அழற்சியில் (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் புண்ணாகி வீங்குவது) நுரையீரல் யாருக்குப் பாதிக்கும்? குடிப்பவர்களுக்கு மட்டும்தானா?

உங்கள் வீட்டிலும் யாரோ ஐசியூவில் இருக்கிறார்கள், வாசலில் உட்கார்ந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன். அண்ணனோடு 22 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குடிப்பவர்களுக்கு மட்டும் இல்லைங்க. அண்ணன் ஏற்காட்டில் காபி எஸ்டேட் சூப்பர்வைசர், ஒரு சொட்டு தொட்டதில்லை. பித்தப்பையில் இருந்த கல் இறங்கிக் குழாயை அடைத்ததில் வந்த வினை. ஆனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணியிடம் முதலில் கேட்டது "குடிப்பாரா?" என்றுதான். குடியும் பெரிய காரணம், நான் மறுக்கவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பித்தக்கல்லும் அதே மாதிரி பெரிய காரணம்தான். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1000-ஐத் தாண்டினாலும் வரும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானும் ஏற்காட்டில்தான் இருந்தேன். மேல்வயிற்று வலி முதுகு வரைக்கும் துளைக்க, காரில் ஏற்றினோம். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்: மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு குரங்குக்குப் பொரி போடுகிறார்கள். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். பின் சீட்டில் அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தே வந்தார். தயவுசெய்து வளைவில் நிறுத்தாதீர்கள்.

மறுநாள் ராத்திரி வலி குறைந்ததும் தப்பித்தோம் என்று நினைத்தேன். "தண்ணி வேணும்" என்று சொல்வதற்குள் அண்ணனுக்கு நடுவில் மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு 34. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்ஸிஜன் அளவு 94-லிருந்து 87-க்கு இறங்கியது.

கணையத்தில் கிளம்பும் நொதிகளும் அழற்சியும் ரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்குழாய்களைக் கசிய வைக்கும், காற்றறையில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். சேர்க்கும்போதே அடையாளம் இருந்ததாம். வயது 61, எடை 96 கிலோ. ரத்த யூரியா நைட்ரஜன் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 25-க்கு மேல். நாடியும் மூச்சும் வேகம். முதல் எக்ஸ்ரேயிலேயே இடது நுரையீரலுக்கு அடியில் கொஞ்சம் நீர். வயது 60-க்கு மேல், யூரியா, நெஞ்சு நீர், உடம்பு முழுக்க அழற்சிக் குறிகள் (நாடி, மூச்சு வேகம் மாதிரி), மனக்குழப்பம் என்று ஐந்துக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போடுவார்கள். மூன்று வந்தாலே ஆபத்து. அண்ணனுக்கு நான்கு. இதில் எடை சேராது, ஆனால் பருமன் தனியாகவே ஆபத்தைக் கூட்டும். 48 மணி நேரத்தில் சிஆர்பி (அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 150-ஐத் தாண்டினாலும் கவனமாக இருக்கச் சொல்வார்கள்.

ஒரு தப்பு நான் செய்தேன். "ட்ரிப்ஸ் ஏம்மா இவ்வளவு மெதுவா போகுது, வெரசா விடுங்க" என்று சிஸ்டரிடம் சத்தம் போட்டேன். கணைய அழற்சிக்கு ட்ரிப்ஸை எவ்வளவு வேகமாக ஏற்றலாம் என்று பார்த்த, 2022-ல் வந்த வாட்டர்ஃபால் ஆய்வைப் பிறகுதான் படித்தேன். வேகமாக ட்ரிப்ஸ் ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடம்பில் நீர் மிகுந்துவிட்டது, அளவாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மூச்சு எண்ணிக்கை, யூரியா, எக்ஸ்ரே மூன்றையும் கேளுங்கள். வலி குறைந்ததை மட்டும் நம்பி வீட்டுக்குத் தூங்கப் போய்விடாதீர்கள்.

அண்ணன் ஏழு நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்டார். உடம்பு தேறிய பிறகு பித்தப்பையை எடுத்தார்கள். அன்றைக்கு அண்ணியிடம் கேட்டவர்களில் ஒருவர்கூட, கல்லால்தான் வந்ததா என்று திரும்ப வந்து விசாரிக்கவில்லை.