பதில்: 66 பிபிஎம் ராக் பாட்டை 120-க்கு ஏத்தியும் டிஸ்கோ மாதிரி இல்ல

ப்ரோ, கோரமங்கலா பப்ல வாசிக்க 66 பிபிஎம் (நிமிஷத்துக்கு 66 பீட்) ராக் பாட்டை டிஸ்கோவா மாத்த 120-க்கு ஏத்தினா பாடகருக்கு மூச்சு வாங்குது, ஆட்டமும் வரலன்னு கேட்டிருந்தீங்க. டெம்போ 120-லயே இருக்கட்டும். பாடுறதை மட்டும் பாதி வேகத்துக்கு இறக்குங்க: பழைய ஒரு பீட்டுக்குப் புது ரெண்டு பீட். அவருக்கு அது 60 மாதிரிதான், ஒரிஜினலைவிட நிதானம். வரிகளுக்கு நடுவுல ஸ்ட்ரிங்ஸ் (வயலின் மாதிரி) போட்டுக்கலாம்.

ஆட்டம் வராததுக்குக் காரணம் பெரும்பாலும் ஹை-ஹாட், அதாவது டிரம்ஸ்ல திறந்து மூடுற ஜோடித் தட்டு. கிக் (காலால அடிக்கிற பெரிய டிரம்) நாலு பீட்லயும், ஸ்னேர் (சுளீர்னு கேக்குற சின்ன டிரம்) 2, 4-ல. ஓப்பன் ஹாட் (தட்டைத் திறந்து அடிக்கிறது) ரெண்டு கிக்குக்குச் சரி நடுவுல விழுந்து, அடுத்த கிக்ல மூடிடணும். மூடலன்னா 'ஸ்ஸ்ஸ்'னு இழுத்துக்கிட்டே போய்த் துள்ளல் செத்துடும். கம்ப்யூட்டர்ல டிரம்ஸ் பிளக்-இன்னா திறந்த, மூடின ரெண்டு ஹாட்டையும் ஒரே சோக் குரூப்ல வைங்க, ஒண்ணு அடிச்சா இன்னொண்ணு நின்னுடும்.

கிதார்ல டிஸ்டார்ஷன் (கரகரப்பு) போட்ட பவர் கார்டைத் தூக்கிடுங்க. கிதாரிஸ்ட் கோவிச்சுக்குவார், பரவாயில்ல. அதுல பதினாறாம் நோட்டெல்லாம் (ஒரு பீட்டுக்கு நாலு) குழைஞ்சிடும். க்ளீன் டோன், மெல்லிய மூணு கம்பி, மைனர் செவன்த் கார்டு. வலது கை நிக்கவே கூடாது, இடது கை பாதி ஸ்ட்ரோக்கை மியூட் பண்ணணும் (கம்பியைத் தொட்டு அமுக்கணும்).

பேஸ் கிதார்ல, பீட்டுல ரூட் (கார்டோட அடிப்படை சுரம்), ரெண்டு பீட்டுக்கு நடுவுல மேல் ஆக்டேவ் (அதே சுரம் ஒரு ஸ்தாயி மேல). கிக்கோட மோதினா சைட்செயின் (கிக் விழும்போது பேஸ் சத்தத்தைத் தானா குறைக்கிறது) 3-4 டிபி (டெசிபெல்), ரிலீஸ் (சத்தம் திரும்ப ஏற எடுக்கிற நேரம்) 120 மில்லிசெகண்ட். ரிலீஸ் 250 மில்லிசெகண்டைத் தாண்டினா அந்த ஆக்டேவ் நோட்டும் அமுங்கிடும்.