காதால் மட்டும் தமிழ் அறிந்தவர்களுக்காக ஒரு பாட்காஸ்ட்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் வீட்டிலிருந்து ஆறு ஆண்டுகளாக ஒரு தமிழ் பாட்காஸ்ட் நடத்தி வருகிறேன். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, பேய்க்கதை மூன்றும் அதில் உண்டு. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

வெருலமிலிருந்து: அக்கா, எந்த மைக் வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள், தம்பி. முதலில் அறையைப் பாருங்கள். கூடத்தின் நடுவில் நின்று கைதட்டுங்கள். ஓசை திரும்பி வந்தால், எந்த விலை மைக்கும் அந்த எதிரொலியையும் சேர்த்தே பிடிக்கும். நான் துணி அலமாரியைத் திறந்துவைத்து, சேலைகளைப் பார்த்தபடி பேசுகிறேன். துணி ஒலியை உறிஞ்சிவிடும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி கைபேசியை வைத்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. என் நேயர்களில் பலருக்குத் தமிழ் காதால் மட்டுமே தெரியும். பாட்டி பேசியும் கோயிலில் தேவாரம் பாடியும் கேட்டு வளர்ந்தவர்கள், எழுத்துக்கூட்டத் தெரியாது. நன்கு பழகிய காது மங்கிய சொல்லை ஊகித்துக்கொள்ளும். பாதி பழகிய காதுக்கு ஒரு சொல் மங்கினால் வாக்கியமே போய்விடும்.

டொங்காட்டிலிருந்து: கோப்பு பெரிதாக இருக்கிறது, டேட்டா தீர்கிறது என்கிறார்கள்.

சரியான புகார். பேச்சுக்கு மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியில், நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 போதும். அரை மணி நேரம் சுமார் 14 மெகாபைட்டில் அடங்கும். 128 வைத்தால் இரு மடங்கு. ஒலி அளவை மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்று வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து: சுஜாதாவின் கதையை முழுதாக வாசிக்கலாமா?

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாது. அவர் காலமானது 2008-இல். ஆசிரியர் மறைந்தபின் பதிப்புரிமை தென்னாப்பிரிக்காவில் 50 ஆண்டுகள், இந்தியாவில் 60 ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் குரல் சென்னையிலும் கேட்கும் என்பதால் 60 என்றே கணக்கிடுங்கள். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். அவரைத் தாராளமாக வாசியுங்கள். மற்றவர்களின் கதையைப் பற்றிப் பேசலாம், சில வரிகள் மேற்கோள் காட்டலாம். முடிவை மட்டும் உடைக்காதீர்கள்.

மெர்பேங்கிலிருந்து: இருவர் பேச எந்த மைக்?

முதல் பதிலைப் படியுங்கள். ஆளுக்கொரு கைபேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், பின்னர் இரண்டு பதிவுகளையும் அந்த இடத்தில் பொருத்திவிடலாம்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பெரியவர்: இங்கே வீட்டு மொழி ஆங்கிலமாகி எத்தனையோ காலமாயிற்று. ஆங்கிலத்தில் நடத்தினால் பத்து மடங்கு பேர் கேட்பார்களே, அம்மா. எதற்கு இந்த வீம்பு?

ஐயா, வீட்டு மொழியைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் இந்தக் கதைகளைப் பேசுவோர் ஏராளம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாகச் சேர்வதால் யாருக்கு என்ன கிடைக்கும்?

ஒரு முறை நேயர்களிடம் இப்படிக் கேட்டேன்: 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பல், வேறொரு காலத்தில் கரை ஒதுங்கியிருந்தால்? வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் வந்தன. ஸ்டேங்கரிலிருந்து ஒரு பாட்டி, கரும்புத் தோட்டத்துக்குள் கப்பல் இறங்குவதாகக் கதை சொன்னார். தமிழும் சூலுவும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. பேத்தி கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறெந்தப் பகுதியையும் விட அதைத்தான் குடும்பங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. நேயர்களை எப்படிக் கூட்டுவது என்று கேட்கும் மற்றவர்களுக்கும் இதுவே பதில்: அவர்களைப் பேச வையுங்கள்.

லேடிஸ்மித்திலிருந்து: பெரியவர் சொல்வதும் நியாயம்தானே? பாதிப் பாதி பேசலாமே.

பாதிப் பாதி பேசிப் பார்த்தேன். ஆங்கிலம் வரும்வரை காத்திருக்கக் காது பழகிவிடுகிறது. இப்போது தொடக்கத்தில் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் கதைச்சுருக்கம் சொல்கிறேன். பிறகு தமிழ்தான், சிறிய வாக்கியங்களில்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: இருநூறு ராண்டுக்குள் நல்ல மைக்?

அறை. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: அறை.

விளம்பர வருமானத்துக்கு வரி உண்டா?

கணக்காளரைக் கேளுங்கள்.

இலவசமாகப் பதிவேற்றும் சேவை போதுமா?

போதும் என்று நம்பி 22 பகுதிகளை இழந்தேன். சேவையை மூடிவிட்டார்கள், என்னிடம் பிரதி இல்லை. மூலப் பதிவுகளை இரண்டு இடங்களில் வையுங்கள். விலகும்போது பழைய ஆர்எஸ்எஸ் ஓடையை (புதிய பகுதிகளை நேயர்களின் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் இணைய முகவரி) புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். மறுத்தால், அன்றுவரை சேர்ந்த நேயர்களை ஒரே நாளில் இழப்பீர்கள்.

மீண்டும் ஃபீனிக்ஸ் பெரியவர்: அந்தப் பாட்டியின் காலத்துக்குப் பிறகு யார் பேசுவார்கள்?

கைபேசியைப் பிடித்திருந்த பேத்தி அடுத்த பகுதியில் கதை வாசிக்கிறாள், ஐயா. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ழகரம் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பதிவு செய்கிறோம்.