ஈசிஜி நார்மல்தானே, அப்புறம் எதற்கு டிரெட்மில் டெஸ்ட்?

மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈசிஜி எடுப்பதுதான் டிரெட்மில் டெஸ்ட். சுருக்கமாக டிஎம்டி. பெரும்பாலும் புரூஸ் முறையில் செய்வார்கள்: 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும். 50 வயதுக்காரருக்கு இது சுமார் 145.

படுத்திருக்கும்போது இதயத்துக்குக் கொஞ்சம் ரத்தமே போதும். அதனால் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும் சாதாரண ஈசிஜியில் தெரியாமல் போகலாம். பழைய வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். உள்ளே துரு அடைத்திருந்தாலும் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகத்தான் வரும். தீபாவளிக் காலையில் குளியலறை, சமையலறை, கொல்லை எல்லாவற்றையும் சேர்த்துத் திறக்கும்போதுதான் சொட்டுச் சொட்டாக வடியும். நடை இதயத்துக்கு அந்தத் தீபாவளிக் காலை. ரத்தம் போதாவிட்டால் ஈசிஜி கோட்டில் எஸ்டி என்னும் பகுதி கீழே இறங்கும்.

நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லிவிடுங்கள், தயவுசெய்து பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

சரி, டிஎம்டி நார்மல் என்றால் அடைப்பே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, ரத்த ஓட்டத்தைத் தடுக்காத சிறிய கொழுப்புப் படிவு இதில் தெரியாது, அது திடீரென வெடித்தும் மாரடைப்பு வரலாம்.