12 லட்சமும் ஒரு கோல நோட்டும்

போன வாரம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பாவுக்குத் தையற்கடை. மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவள், கணக்கு குரூப். இரண்டு வருடமாகக் கோலங்களுக்கென்று ஒரு இணையதளம் நடத்துகிறாள். தினம் 1,800 பேர் வந்த தளத்துக்கு இப்போது 200 பேர்கூட வருவதில்லை. கூகுள் ஏதோ மாற்றிவிட்டதாம். “இதை நம்பியா பொண்ணை விட முடியும் மேடம்? சென்னையில இருக்கிற தம்பி ஏஐ படிப்புக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வச்சிருக்கான். நாலு வருஷத்துக்கு 12 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள்ள 50 ஆயிரம் கட்டணும்” என்றார் அப்பா. அம்மா ஒன்றும் பேசவில்லை. காதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அந்தத் தோட்டைப் பார்த்த பிறகு ஆறுதல் வார்த்தை வரவில்லை. அண்ணே, அன்று பாதியில் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் கணக்கு. கையில் 2 லட்சம், மீதி 10 லட்சம் கல்விக்கடன். பத்தரை சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்று போட்டால் மாதம் 17 ஆயிரத்தை ஒட்டி வருகிறது. மொத்தம் 14 லட்சத்துக்கு மேல். படிக்கும் நான்கு வருட வட்டி தனி. பாப்பாவின் முதல் சம்பளம் 25 ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். வெளியூரில் ஹாஸ்டல், சாப்பாடு போக 17 ஆயிரம் எங்கிருந்து வரும்? தம்பியின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவரில்லை. கம்ப்யூட்டர் கோட் எழுதப் பிடிக்கிறதா என்று உங்கள் மகளிடம் யாரும் கேட்கவும் இல்லை. நான் கேட்டேன். “பரவாயில்லை மேடம்” என்றாள். பரவாயில்லை என்கிற படிப்புக்கு 12 லட்சம் அதிகம்.

இப்போது அந்தத் தளத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் அதில் 40 பக்கங்கள்தான். எல்லாம் அவளும் பாட்டியும் போட்ட கோலங்கள், அவள் எடுத்த படங்கள். அப்புறம் சித்தப்பா மகன் சொன்னான் என்று ஏஐயிடம் எழுதி வாங்கி ராசிபலன், செல்போன் விலை என்று 600 பக்கம் ஏற்றியிருக்கிறாள். கொஞ்ச நாள் கூட்டம் ஏறியது. பிறகு ஒரு கோர் அப்டேட் வந்தது, அதாவது எந்தப் பக்கம் மேலே வரும் என்று முடிவு செய்யும் முறையையே கூகுள் பெரிதாக மாற்றியது. ராசிபலனோடு பாட்டியின் கோலமும் சேர்ந்து இறங்கிவிட்டது.

இது அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம் வந்தபோது அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தில் முடிவுகள் மாறின. ஆழமில்லாத கட்டுரைகளைக் கட்டுக்கட்டாகத் தயாரித்த தளங்கள் சரிந்தன. 2012 ஏப்ரலில் வந்த பென்குவின், தேடலில் மேலே வருவதற்காக மற்ற தளங்களிடம் காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்தது. 2024 மார்ச்சில், தரவரிசைக்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதற்கு எதிராகத் தனி விதியே போட்டார்கள். மனிதன் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் அந்த விதி ஒன்றுதான். ஒரு தளத்தில் வெற்றுப் பக்கங்கள் மலிந்தால் நல்ல பக்கங்களின் மதிப்பும் இறங்கலாம். பாலில் தண்ணீர் கலந்தால் எந்தச் சொட்டு பால் என்று யார் பிரித்துப் பார்ப்பது?

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அவளுடைய நோட்டு. 80 பக்க கோடு போட்ட நோட்டு. தேதி, எந்தக் கோலம், எத்தனை முறை தேடலில் காட்டியது, எத்தனை கிளிக், சராசரி இடம் எத்தனை என்று வாராவாரம் பால்பாயின்ட் பேனாவில் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் கூகுள் சர்ச் கன்சோலிலிருந்து எடுத்தது. நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று சொல்லும் அந்தக் கருவி இலவசம், 16 மாதக் கணக்கைக் காட்டும். “பொங்கல் முடிஞ்சா எப்பவும் பாதிக்கு மேல குறையும் மேடம். போன வருஷம் இதே வாரத்தோட ஒப்பிட்டாத்தான் உண்மையில எவ்வளவு விழுந்ததுன்னு தெரியும்” என்றாள். மார்கழிக் கூட்டத்தையும் அப்டேட்டால் வந்த வீழ்ச்சியையும் பிரித்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சம்பளம் வாங்குகிறவர்களே சில சமயம் இதைக் கோட்டை விடுவதுண்டு.

அடுத்த பக்கத்தில் கோலங்களைப் பிரித்திருந்தாள்: நேர்ப்புள்ளியா இடுக்குப்புள்ளியா, எத்தனை புள்ளி, சிக்குக் கோலமா பூக்கோலமா, எந்தப் பண்டிகைக்கு. இதைப் பார்த்ததும் எனக்கு சீர்காழிக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். ஒரு பொருளை ஒரே பெட்டியில் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி கோத்துக்கொள்ளும் முறையை 1933-ல் கோலன் (முக்காற்புள்ளி) பகுப்புமுறை என்று வெளியிட்டார். லண்டன் கடை ஒன்றில் துண்டுகளை விதவிதமாகக் கோத்து மாட்டும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது உதித்த யோசனை என்பார்கள். இன்று சேலை வாங்கும் தளத்தில் நிறம், துணி, விலை என்று டிக் அடிக்கிறோமே, அதன் அடிப்படை இதே யோசனைதான். ஒரு பக்கத்துக்கு எத்தனை இணைப்புகள் வருகின்றன என்று பார்த்து மதிப்புப் போடும் கூகுளின் பேஜ்ரேங்கும் எங்கிருந்தோ குதித்ததில்லை. ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணுவது தகவல் துறையின் பழைய வழக்கம். அதை 1998-ல் இணையப் பக்கங்களுக்குப் பொருத்தினார்கள்.

ஆகவே நான் சொல்வது நூலக, தகவல் அறிவியல். “புத்தகம் அடுக்கவா மேடம்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தகவலை வகைப்படுத்துவது, அட்டவணைப்படுத்துவது, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது: படிப்பு இதுதான். 15 புள்ளி மயில் கோலம் கேட்டவருக்கு 10 முடிவு காட்டி அதில் 3 தான் மயில் என்றால் துல்லியம் போச்சு. கிடங்கில் 8 மயில் இருந்தும் 3 தான் வந்தது என்றால் மீட்பு போச்சு. இரண்டையும் எப்படி அளப்பது, ஒன்றைக் கூட்டினால் மற்றது ஏன் குறைகிறது என்பதைத்தான் அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள். கோலம், கோலத்தை, கோலத்துக்கு, கோலங்கள் எல்லாம் ஒரே சொல் என்று இயந்திரத்துக்குப் புரியவைப்பதும் இதே துறையின் வேலை. அதற்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

வழி இப்படி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். தமிழ்வழியில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். அதன்பின் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் 1962-ல் ரங்கநாதன் தொடங்கிய ஆவணவியல் மையத்தில் இரண்டு வருட முதுகலை. நுழைவுத்தேர்வு உண்டு. கல்விக் கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகை கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். சேரும் வருட அறிவிப்பைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் பி.எல்.ஐ.எஸ்., எம்.எல்.ஐ.எஸ். என்ற நூலக, தகவல் அறிவியல் பட்டப்படிப்புகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அரசு நூலகர் வேலையை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், இடங்கள் குறைவு. விற்பனைத் தளங்களின் தேடல், செய்தி நிறுவனங்களின் ஆவணக் காப்பகம், கம்பெனிகளின் தகவல் மேலாண்மை என்று வெளியே பார்க்க வேண்டும். முதல் சம்பளம் பெரிதாக இருக்காது, ஆனால் தவணையும் இருக்காது.

பாப்பா, உனக்கு ஒன்று. “மூன்றே மாதத்தில் முதல் பக்கம்” என்று 45 ஆயிரம் கேட்கும் எஸ்இஓ (தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வித்தை) கோர்ஸில் சேராதே. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அந்த 600 பக்கத்தையும் எடுத்துவிடு. உடனே ஏறாது, மாதக்கணக்கில் ஆகலாம், ஏறாமலும் போகலாம். 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் தேடலின் உச்சியில் ஏஐ சுருக்கம் வருகிறது. தளத்துக்குள் வராமலே பதில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அதையும் நோட்டில் ஒரு பத்தி போட்டுக் குறித்து வா.

அண்ணே, வெள்ளிக்கிழமை அந்த 50 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். தம்பி கோபித்துக்கொண்டால் என் எண்ணைக் கொடுங்கள். காலை 10 மணிக்கு மேல் பேசச் சொல்லுங்கள்.