முப்புரிக் கயிறு திரிக்கலாம்

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 12 பிள்ளைகள். ஒற்றுமையே பலம் என்று குச்சிக்கட்டுக் கதை சொன்னால், தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதிகச் செலவில்லாமல் கைவேலையாகச் செய்து காட்ட ஏதாவது உண்டா?

பதில்: உல்லன் நூலில் கயிறு திரிக்க வையுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை. தையல் நூலில் மூன்று துண்டு எடுத்து, இரு முனைகளையும் இரண்டு பென்சில்களில் கட்டுங்கள். இரண்டு நூல் 30 செ.மீ., ஒன்று மட்டும் 24. பென்சில்களை மெல்ல இழுத்தால் குட்டை நூல்தான் முதலில் அறும். மற்ற இரண்டும் அதுவரை தொய்ந்து கிடக்கும். சேர்ந்து இருந்தும் பாரம் ஒன்றின் தலையிலேயே விழுந்ததைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். குச்சிக்கட்டுக் கதையில் இல்லாத பாடம் இது. இதை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். நூலை விரலில் சுற்றி இழுக்க மட்டும் விடவேண்டாம், அறுத்துவிடும்.

இனி கயிறு. மூவர் கொண்ட நான்கு குழு. ஆளுக்கொரு நிறத்தில் 3 மீட்டர் நூல். மூன்றையும் ஒரே அளவில் இழுத்துப் பிடித்து, இரு முனைகளிலும் வளையம் விட்டு முடிச்சிட்டு, வளையத்தில் பென்சிலைச் செருகுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பென்சிலைச் சுழற்ற வேண்டும். இருவருமே அவரவர் பார்வையில் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுழற்றவேண்டும். பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: ஒருவர் மாற்றிச் சுழற்றினால் நூல் சும்மா உருளும், முறுக்கே ஏறாது. நூல் தொய்ந்தால் நடுவில் சுருட்டிக்கொள்ளும், விறைப்பாகவே இருக்கட்டும். லேசாகத் தளர்த்தியதும் நூல் தானே சுருள ஆரம்பித்தால் முறுக்கு போதும்.

மூன்றாவது பிள்ளை நடுவில் பிடித்துக்கொள்ள, மற்ற இருவரும் விறைப்பு குறையாமல் முனைகளை ஒன்றுசேர்க்க வேண்டும். பிறகு நடுப்பக்கத்திலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக விட்டால், கயிறு எதிர்ப்பக்கமாகத் தானே முறுக்கிக்கொள்ளும். மொத்தமாகக் கைவிட்டால் சிக்காகிவிடும். நூல் பிரியப் பார்ப்பது ஒரு திசை. கயிறு பிரிய வேண்டிய திசை அதற்கு நேர் எதிர். ஒன்று பிரிய முயன்றால் மற்றது இறுகும். தேங்காய் நார் ஒன்றொன்றும் பெரும்பாலும் ஓர் அடி நீளம்கூடத் தேறாது. அதைத் திரித்துத் திரித்துத்தான் தேர் இழுக்கும் வடமே உருவாகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் கொஞ்சம் நார் கொண்டுவந்து கையில் கொடுங்கள்.

மடித்ததால் 3 மீட்டர் நூல் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான கயிறாகும். பிரித்துப் பார்த்தால் அவரவர் நிறம் அப்படியே இருக்கும், “உன் நூல் எங்கே?” என்று கேளுங்கள், ஆசையாகத் தேடுவார்கள்.

கெட்டி அட்டையில் தேர் வரைந்து, நான்கு கயிறுகளையும் வடமாக ஒட்டலாம். சார்ட் தாள் வேண்டாம், பசை ஈரத்தில் நெளிந்துவிடும். வடத்தின் இருபுறமும் போஸ்டர் கலரில் ஒவ்வொருவரும் கை பதிக்கட்டும். கலரில் தண்ணீர் கூடினால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பரவிவிடும். தயிர்ப் பதம் சரி. கயிற்றை யாரும் கழுத்தில் போட்டு விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களாக இருந்தால் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையை மட்டும் சுழற்றச் சொல்லுங்கள்.