எட்டுக் கட்டமும் நாற்பது பாடங்களும்

வாசகர் கேள்வி - பதில்

மொழி, வரலாறு, அறிவியல், கணிதம் எல்லாம் கலந்து படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் பட்டப்படிப்பைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில். இருபது வருஷத்துக்கு மேல் மாணவர்களோடு உட்கார்ந்து பாடத்திட்டம் போட்டுக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: முதல் வருஷம் சேர்ந்திருக்கிறேன். பாடப் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எதை முதலில் எடுப்பது என்றே பிடிபடவில்லை. "முதல் வருஷம் பிடித்ததை எடு, மேஜரை (ஆழமாகப் படிக்கும் முதன்மைத் துறையை) பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் சீனியர்கள். சரிதானா?

பதில்: பாதி சரி. மீதிப் பாதியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நூற்றுக்கணக்கான பாடங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் நீங்கள் எடுக்கப்போவது ஏறக்குறைய நாற்பது. அமெரிக்க முறையில் இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், அதாவது பாடத்தின் சுமையை அளக்கும் அலகு. பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 40 பாடம். 8 செமஸ்டரில், செமஸ்டருக்கு 5. தோராயமாக இதில் மூன்றில் ஒரு பங்கு எல்லோரும் எடுக்கவேண்டிய பொதுப் பாடங்கள், இன்னொரு பங்கு மேஜர், மிச்சம் உங்கள் விருப்பம். கல்லூரிக்குக் கல்லூரி இந்தக் கணக்கு மாறும். நீங்கள் சேர்ந்த வருஷத்துக் கையேட்டில் என்ன இருக்கிறதோ, அதுதான் உங்களுக்குச் சட்டம். அடுத்த வருஷம் விதி மாறினாலும், பெரும்பாலான இடங்களில் சேர்ந்த வருஷத்து விதிதான் உங்களுக்குப் பொருந்தும். அந்தக் கையேட்டை இன்றே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பெரிய தாள், ஒரு பென்சில். செமஸ்டருக்கு ஒன்றாக எட்டுக் கட்டம் போடுங்கள். நிரப்புவதை எட்டாவது கட்டத்திலிருந்து தொடங்குங்கள். கடைசி செமஸ்டரில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டுமா? அதற்கு முன்னால் ஆய்வுமுறைப் பாடம் முடித்திருக்க வேண்டும். ஆய்வுமுறைக்குப் புள்ளியியல் வேண்டும். புள்ளியியலுக்கு ஒரு அடிப்படைக் கணிதம். இப்படிப் பின்னோக்கி அம்புக்குறி போட்டுக்கொண்டே வாருங்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததைத் தொட முடியும் என்று இருக்கிறவற்றைச் 'சங்கிலிப் பாடங்கள்' என்று நான் சொல்வேன். கணிதம், பொருளியல், வேதியியல், புதிதாகக் கற்கும் மொழி எல்லாம் இந்த ரகம். இவை காத்திருக்காது. வரலாறு, தத்துவம், இலக்கியம், சமூகவியல் போன்றவற்றில் சங்கிலி சின்னது. தாமதமாக வந்தாலும் கதவு திறந்திருக்கும்.

ஒரு மாணவியின் தாள் எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. பொருளியல் மேஜர் என்று நான்காவது செமஸ்டர் தொடக்கத்தில் முடிவெடுத்து வந்தாள். கால்குலஸ் (நுண்கணிதம்) எடுத்திருக்கவில்லை. நான்கில் கால்குலஸ், ஐந்தில் இடைநிலை நுண்பொருளியல், ஆறில் எகனாமெட்ரிக்ஸ் (பொருளியலுக்கான புள்ளியியல்) என்று அம்பு போட்டோம். ஏழில் அவளுக்குப் பிடித்த மேல்நிலைப் பாடம் வர வேண்டும். அது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஏழிலும் இல்லை, எட்டிலும் இல்லை. அவளுடைய அம்பு எட்டாவது கட்டத்தைத் தாண்டித் தாளின் ஓரம் வரை போய் நின்றது. அவள் அதை ரப்பரால் அழித்து அழித்து அந்த இடத்தில் தாளே மெலிந்துபோயிற்று. முதல் செமஸ்டரில் கால்குலஸ் எடுத்திருந்தால் ஆறிலேயே அந்தப் பாடத்தில் உட்கார்ந்திருப்பாள். புத்திசாலிப் பெண், யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் செமஸ்டரின் ஐந்தில் இரண்டு சங்கிலிப் பாடம், ஒன்று எழுத்துப் பயிற்சி, இரண்டு முழுக்க முழுக்க உங்கள் ஆர்வத்துக்கு. அந்த இரண்டில் ஒன்று பள்ளியில் நீங்கள் கேள்விப்படாத துறையாக இருக்கட்டும்: மொழியியல், மானிடவியல், புவியமைப்பியல், எதுவானாலும். பள்ளியில் இல்லாத துறை தனக்குப் பிடிக்குமா என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது.

இன்னொன்று. ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேரம் வேலை என்பது பழைய கணக்கு. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். முழுநேர வேலை மாதிரி. அதனால் ஒரே செமஸ்டரில் இரண்டு ஆய்வக வகுப்பும் மூன்று நீண்ட கட்டுரைப் பாடமும் வைக்காதீர்கள். படிக்கிற பாடம், கணக்குப் போடுகிற பாடம், கையால் செய்கிற பாடம் என்று கலந்து வையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் நுனிப்புல் மேய்ந்தது போல ஆகாதா? ஆழமாக எதுவும் தெரியாமல் வெளியே வரமாட்டோமா?

பதில்: நியாயமான பயம். இந்தப் படிப்பை உருவாக்கியவர்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மாணவர்களையே தேர்ந்தெடுக்க விட்டார். பெரிய விடுதலைதான். ஆனால் நிறையப் பேர் அறிமுகப் பாடங்களாகவே பொறுக்கிக்கொண்டு பட்டம் வாங்கிப் போகிறார்கள் என்ற குறை எழுந்தது. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழம், பல துறைகளில் பரவல் என்று இரண்டையும் சேர்த்துக் கட்டாயமாக்கினார். இன்று 'மேஜர்', 'பொதுப் பாடம்' என்று நாம் பார்க்கும் அமைப்புக்கு அது ஒரு முக்கியமான வேர். கொலம்பியா பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. எல்லோரும் சேர்ந்து படிக்கும் பொதுப் பாடம் ஒன்றை 1919-ல் தொடங்கியது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969-ல் பொதுப் பாடக் கட்டாயத்தையே நீக்கியது. மூன்று இடங்களிலும் நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், மேய்ந்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

நுனிப்புல் ஆகாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி, பாடங்களை ஒரு கேள்வியைச் சுற்றிக் கோப்பது. ஒரு மாணவன் 'தூக்கம்' என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். உளவியல் மேஜர். பொதுப் பாடத்தில் அறிவியல் எடுக்க வேண்டி வந்தபோது நரம்பியல் அறிமுகம். வரலாறு எடுக்க வேண்டி வந்தபோது தொழிற்புரட்சி, ஏனென்றால் ஆலைகளில் இரவு ஷிஃப்ட் எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தத்துவத்தில் பிரக்ஞை பற்றிய பாடம். இசையில்கூடத் தாலாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினான். வெளியிலிருந்து பார்த்தால் சிதறிக் கிடக்கும் ஐந்து துறை. அவனுக்கு அது ஒரே படிப்பு. கையேட்டில் இருக்கும் அதே கட்டாயங்களைத்தான் அவனும் நிறைவேற்றினான், ஒரு பாடம்கூடக் கூடுதலாக எடுக்கவில்லை.

எல்லோருக்கும் முதல் வருஷமே கேள்வி கிடைத்துவிடாது. மூன்றாவது செமஸ்டர் முடிவில், இதுவரை எழுதிய கட்டுரைகளை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பாருங்கள். வேறு வேறு பாடத்துக்கு எழுதியதிலும் நீங்கள் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத் தொட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அதுதான் கேள்வி.

கேள்வி: கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. கட்டாயக் கணிதப் பாடத்தைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளிவைக்கலாமா?

பதில்: வேண்டாம். நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் புள்ளியியலைத் தள்ளி வைத்தேன். ஏழாவது செமஸ்டரில் எடுத்தபோது அது பிடித்துப்போயிற்று. ஆனால் அதற்கு மேல் போக நேரமில்லை. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. முதல் வருஷமே எடுங்கள், கூட நாலு லேசான பாடங்களை வைத்துக்கொண்டு. பல இடங்களில் கட்டாயத்தை நிறைவேற்ற கால்குலஸ்தான் வேண்டும் என்றில்லை. புள்ளியியலோ தர்க்கமோ செல்லும். கையேட்டில் தேடுங்கள். அப்புறம், லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கணக்கு வேண்டாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்கள் சொன்ன ஏழு கலைகள் இவை: இலக்கணம், தர்க்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். பின் நாலும் கணிதத்தைச் சேர்ந்தவையாகவே எண்ணப்பட்டன, இசை உட்பட.

கேள்வி: இரட்டை மேஜர் எடுத்தால் வேலை கிடைப்பது சுலபம் என்கிறார்கள். வரலாறும் கணினி அறிவியலும் எடுக்கலாமா?

பதில்: கூட்டிப் பாருங்கள் தம்பி. வரலாறு 11, கணினி அறிவியல் 14, பொதுப் பாடம் 12 என்று வைத்துக்கொண்டால் 37 ஆயிற்று. நாற்பதில் மிச்சம் மூன்று. நாலு வருஷத்தில் மூன்றே மூன்று பாடம்தான் உங்கள் மனம்போல. ஒன்றில் தேறவில்லை என்றாலோ, உடம்பு சரியில்லாமல் ஒரு பாடத்தை விட வேண்டி வந்தாலோ திட்டம் ஆடிப்போகும். ஒரே பாடம் இரண்டு மேஜருக்கும் கணக்கில் வருமா என்று முதலில் விசாரியுங்கள். அனுமதித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். என் யோசனை, கணினி அறிவியலில் மேஜர், வரலாற்றில் ஐந்தாறு பாடத்தோடு மைனர், அதாவது துணைத் துறை. கணினியின் சங்கிலி நீளம், அதைத் தனியாகத் தொடர்வது கடினம். ஆனால் இரண்டுமே இல்லாமல் முடியாது என்று உங்களுக்குத் தோன்றினால், இரண்டு சங்கிலியையும் முதல் செமஸ்டரிலேயே பிடியுங்கள். வேலைக்காக என்றால் மட்டும் வேண்டாம்.

கேள்வி: என் மகள் மூன்று செமஸ்டர் உயிரியல் படித்துவிட்டு இப்போது ஆங்கில இலக்கியத்துக்கு மாற வேண்டும் என்கிறாள். மருத்துவம் படிப்பாள் என்று நினைத்திருந்தோம். இவ்வளவு நாள் படித்தது வீணா?

பதில்: இல்லை அம்மா. எடுத்த உயிரியலும் வேதியியலும் பொதுப் பாடத்தின் அறிவியல் கட்டாயத்தை நிரப்பும். மீதி விருப்பப் பாடக் கணக்கில் போய்ச் சேரும். கிரெடிட் எதுவும் காணாமல் போகாது. சங்கிலி நீண்ட துறையிலிருந்து சின்னச் சங்கிலிக்கு வருவதால், மூன்று செமஸ்டருக்குப் பிறகும் நேரத்தில் முடிக்கலாம். இதுவே இலக்கியத்திலிருந்து உயிரியலுக்கு என்றால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை அது நாட்டைப் பொறுத்தது. பல நாடுகளில் பள்ளி முடித்ததும் நேராகச் சேர வேண்டும். அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகு. அங்கே எந்த மேஜராக இருந்தாலும் சரி, உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் கேட்கப்படும் பாடங்களை ஆய்வகத்தோடு முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதினால் விண்ணப்பிக்கலாம். மகள் இருப்பது அந்த முறையில் என்றால், கரிம வேதியியல், இயற்பியல் போல மிச்சமிருப்பவற்றை விடாமல் எடுத்துவைத்தால் ஒரு கதவு திறந்தே இருக்கும். ஆனால் அதை அவள் கேட்டால் சொல்லுங்கள். இப்போது அவளிடம் கேட்க வேண்டியது, எந்தக் கட்டுரையை எழுதும்போது இந்த எண்ணம் வந்தது என்பதை. பதில் சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: பாடத்தின் பெயரைப் பார்த்து எடுத்தேன், உள்ளே வேறு மாதிரி இருந்தது. ஏமாறாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பெயரையும் நாலு வரி விவரத்தையும் விட்டுவிட்டு சிலபஸை வாங்குங்கள். போன வருஷத்தையது போதும். துறை அலுவலகத்தில் கேட்டால் கிடைக்கும், ஆசிரியரிடம் கேட்டாலும் தருவார். தலைப்புகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்ற பகுதி. கடைசிப் பரீட்சைக்கே 70 என்றால் அது ஒரு வகைப் பாடம். வாரம் ஒரு பக்கம் எழுதி, ஆசிரியர் திருத்திக் கொடுத்து, மறுபடி எழுத வேண்டும் என்றால் அது வேறு. இரண்டாவது வகையில் வருஷத்துக்கு ஒன்றாவது எடுங்கள். சிவப்பு மையில் ஓரத்தில் "இங்கே என்ன சொல்ல வருகிறாய்?" என்று ஒருவர் எழுதித் தருவது விரிவுரை மண்டபத்தில் கிடைக்காது.

பிறகு, முதல் வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு அல்லது ஏழு வகுப்பில் போய் உட்காருங்கள். பாடத்தை மாற்றிக்கொள்ளக் கொடுக்கும் அவகாசம் அதற்காகத்தான். அது முடிகிற தேதியை உங்கள் கட்டத் தாளில் முதல் வரியாக எழுதிவையுங்கள். சில இடங்களில் இரண்டே வாரத்தில் மூடிவிடும்.