செய்தியாளர் எழுதும் உண்மைக் குற்ற நூல், நாளிதழ்க் குற்றச் செய்தியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

உண்மைக் குற்ற நூல் என்பது நடந்த ஒரு குற்றத்தை ஆவணங்கள், நேர்காணல்கள், நீதிமன்றப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு மீட்டெழுதும் புனைவல்லாத நூல் ஆகும்.

வேறுபாட்டுக்கு அடிப்படைக் காரணம் காலம். அன்றிரவே அச்சுக்குப் போக வேண்டிய செய்தி, காவல்துறை அப்போது சொன்னதையே பெரிதும் சார்ந்திருக்கும். வழக்கு முடிந்து, தீர்ப்பும் வந்து, பேசத் தயங்கியவர்கள் வாய் திறந்த பிறகு எழுதப்படும் நூலுக்கு அந்த நெருக்கடி இல்லை. கதவு திறந்திருந்தது என்று முதலில் சொன்ன சாட்சி, குறுக்கு விசாரணையில் தாழிட்டிருந்தது என்று மாற்றிச் சொன்னால், நாளிதழில் அது ஒரு வரி. நூலில் ஓர் அத்தியாயமாகவே விரியலாம். வெப்பமானி காட்டும் எண்ணுக்கும் நோயாளியின் பல ஆண்டு மருத்துவக் கோப்புக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இத்தகைய செய்தியாளர்கள் சிலர் தம் குடும்ப வரலாற்றையும் எழுதுவது வியப்பன்று. பிறப்புப் பதிவேடு, பத்திரம், பழைய கடிதம் எனத் தேடும் முறை ஒன்றே. ஆனால் சாட்சி சொந்த அத்தையாக இருக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்பது (என் கருத்தில்) கொலை வழக்கை எழுதுவதைவிடக் கடினம்.

‘உண்மை’ என்று அட்டையில் இருப்பதால் உள்ளே வரும் ஒவ்வொரு உரையாடலும் அப்படியே நிகழ்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் 1959-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்த கொலைகளைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி எழுதி 1966-இல் நூலாக வந்த ‘இன் கோல்ட் பிளட்’ என்ற புகழ்பெற்ற படைப்பின் இறுதிக் கல்லறைக் காட்சியே கற்பனை எனப் பின்னர் தெரியவந்தது.